ம் கொட்டுகிறவள்

அந்த மாடி வீட்டுக்கு நான் குடிபோனதே நல்ல இன்டர்நெட் கிடைக்கும் என்றுதான். சிரிக்க வேண்டாம். வீடு பார்க்கும்போது சிலர் தண்ணீர் வசதி கேட்பார்கள், சிலர் காற்றோட்டம் பார்ப்பார்கள். எனக்குப் பிழைப்பு, குடும்பம் இரண்டுமே கம்பி வழியாகத்தான் வந்துகொண்டிருந்தன. டாக்டர்கள் நோயாளியைப் பற்றிப் பேசிப் பதிவு செய்து அனுப்புவதைக் காதில் வாங்கித் தட்டச்சு செய்வது என் வேலை. என் வீட்டுக்காரர் சரக்குக் கப்பலில் இன்ஜினியர்.

கப்பல்காரர்களுக்கு எல்லாமே ஒப்பந்தம்தான். ஏறிவிட்டால் அது முடிகிறவரை இறங்க முடியாது. இந்தத் தடவை ஏறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "இதோட சரி. இறங்கிட்டா கரையிலேயே ஒரு வேலையப் பாத்துக்கறேன், இனிமே உன்னைத் தனியா விடறதில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். துறைமுகப் பட்டறையில் ஆளைப் பார்த்துப் பேசியும் வைத்திருந்தார். அந்த ஒரு பேச்சை நம்பித்தான், இருவருக்கும் போதுமான ஒரு வீட்டைத் தேடிப் பிடித்து, மூட்டை முடிச்சுகளைத் தனியாளாக ஏற்றி இறக்கினேன்.

பழைய வீடு. கீழே இருந்த கடை எப்போதோ மூடியது; ஷட்டரில் துரு பிடித்திருந்தது. மாடியில் நீளமான கூடம், அதன் கோடியில் சமையலறை. ஒரே ஜன்னல், அதுவும் பக்கத்துக் கட்டடத்தின் சுவரைப் பார்த்தபடி. பகலிலேயே விளக்குப் போட வேண்டும். கதவைத் திறந்ததும் ஈரச் சுண்ணாம்பு வாடை அடித்தது. அதற்கு அடியில் லேசாக முகப்பவுடர் வாசனை. யாரோ இப்போதுதான் முகம் கழுவிப் பவுடர் போட்டுக்கொண்டு அடுத்த அறைக்குப் போன மாதிரி இருந்தது. காலி வீட்டில் ஆயிரம் வாசனை இருக்கும் என்று ஜன்னலைத் திறந்து வைத்தேன்.

மறுநாளே இன்டர்நெட் இணைப்புக் கொடுக்க லைன்மேன் வந்தார். நடுத்தர வயது, ஒல்லியான உடம்பு, தோளில் ஏணி. சுவரைப் பார்த்தவர் துளை போடும் கருவியைப் பைக்குள்ளேயே திரும்ப வைத்துவிட்டார்.

"இங்க ஏற்கெனவே ஓட்டை இருக்கு மேடம். நமக்கு வேலை மிச்சம்."

சமையலறை வாசலுக்குப் பக்கத்தில், என் காதளவு உயரத்தில், திருகாணித் துளைகளும் அறுந்த கம்பி நுனியும் இருந்தன. அவர் பையிலிருந்து எடுத்த மோடம் பெட்டியின் ஓரம் பழுப்பேறியிருந்தது.

"என்ன அண்ணா, பழசு மாதிரி இருக்கு?"

"புதுசுதான் மேடம். இந்த மாடலே இப்படித்தான் வருது." என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். பெட்டி அந்தத் துளைகளில் அளவெடுத்துச் செய்தது போலப் போய் உட்கார்ந்தது.

இணைப்பைத் தொடங்க கம்பெனியிலிருந்து ஒரு பெண் அழைத்தாள். குரல் சின்னப் பெண்ணுடையது. "ஒப்பந்த விதிமுறைகளைப் படிக்கறேன் மேடம், கால் ரெக்கார்ட் ஆகும், ஒவ்வொண்ணுக்கும் சம்மதம் சொல்லணும்" என்றாள். அவள் ஆரம்பிப்பதற்கும் சமையலறையில் குழாய் பிய்த்துக்கொண்டு கொட்டுவதற்கும் சரியாக இருந்தது. ஸ்பீக்கரில் போட்டிருந்த போனைப் பெட்டிக்குக் கீழே ஸ்டூலில் வைத்துவிட்டு, "ஒரு நிமிஷம், வந்துடறேன், இருங்க" என்று ஓடினேன். லைன்மேன் அதற்குள் ஏணியோடு தெருவுக்கு இறங்கியிருந்தார். குழாயில் துணியைச் சுற்றி, தரையைத் துடைத்து, சேலையைப் பிழிந்துகொண்டு வந்தபோது அந்தப் பெண் முடிக்கும் கட்டத்தில் இருந்தாள்.

"ரொம்ப நன்றி மேடம். எல்லாம் பதிவு ஆயிடுச்சு."

ஏதோ பதிவானால் சரி என்று போனை வைத்தேன். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது.

முதல் வாரத்திலிருந்தே தகராறு. தினம் பொழுது சாயும் நேரத்தில் அவர் கூப்பிடுவார். பெட்டிக்குக் கீழே ஸ்டூலில் டேப்லெட்டை நிறுத்தி, எதிரே நாற்காலி போட்டு உட்காருவேன். "சாப்பிட்டீங்களா" என்பதற்குள் படம் உறைந்துவிடும். அவர் வாயைத் திறந்தபடி ஒரு மீன் மாதிரி நிற்பார். குரலும் போய்விடும். பச்சை விளக்கு மட்டும் கல்லுப்பிள்ளையார் போல அசையாமல் எரியும். நான் கொஞ்ச நேரம் ஹலோ ஹலோ என்று கத்திப் பார்த்துவிட்டு எழுந்து என் வேலையைப் பார்க்கப் போய்விடுவேன்.

ஒரு நாள் அவர், "நேத்து ரொம்ப நேரம் பேசிட்டேன்ல? நீ பொறுமையா கேட்டே" என்றார்.

"எங்க பேசினீங்க? எடுத்தவுடனே கட் ஆயிடுச்சே."

அவர் சிரித்தார். நானும் கிண்டல் என்று நினைத்துச் சிரித்தேன். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. லைன் சரியில்லை என்று நான்தான் புலம்பிக்கொண்டிருந்தேன். அவர் ஒரு நாளும் குறைபட்டுக்கொள்ளவில்லை. அது எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

கஸ்டமர் கேரோடு மல்லுக்கட்டியவர்களுக்கு என் பாடு தெரியும். "ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க மேடம்." பண்ணினேன். "எங்க பக்கம் சிக்னல் நல்லா இருக்கு மேடம்." உங்கள் பக்கம் நான் குடியிருக்கவில்லை என்றேன். புகார் கொடுத்த சூட்டோடு, உங்கள் புகார் தீர்க்கப்பட்டது என்று செய்தி வரும். யார் வந்தார்கள், எதைத் தீர்த்தார்கள் என்று கேட்டால், "சிஸ்டம்ல அப்படித்தான் காட்டுது மேடம், நீங்களே போன்ல சரியாயிடுச்சுன்னு கன்ஃபர்ம் பண்ணியிருக்கீங்க" என்பார்கள். கம்பெனிக்காரன் கூசாமல் பொய் சொல்கிறான் என்று எண்ணிப் பல்லைக் கடித்தேன்.

பிறகு அது என் வேலைக்குள்ளும் வந்தது.

மத்தியான நேரம். ஹெட்போனில் ஒரு டாக்டர் பேசிக்கொண்டிருந்தார். வலது கால் வீக்கம் குறைந்திருக்கிறது என்றார்.

"ம்."

மருந்தைத் தொடரலாம் என்றார்.

"ம்."

மெல்லிய, பெண் குரல். பக்கத்தில் நர்ஸ் நிற்கிறாள் போலும் என்று விட்டுவிட்டேன். அடுத்த பதிவில் வேறு டாக்டர், வேறு ஆஸ்பத்திரி. அங்கேயும் அதே நர்ஸ். 'அறையில் இன்னொருவர் இருக்கிறார்' என்று குறிப்பு எழுதி அனுப்பினேன். எங்கள் வேலையைச் சரிபார்க்கும் அம்மாள் போன் போட்டார்.

"என்னம்மா, யாரும்மா இன்னொருத்தர்? நான் மூணு தடவை கேட்டுட்டேன். டாக்டர் மூச்சு விடறதைத் தவிர ஒண்ணும் இல்லையே. உடம்புக்கு என்ன?"

அதே பதிவை மொபைல் சிக்னலில் இறக்கிக் கேட்டேன். டாக்டர் மட்டும்தான் இருந்தார்.

பெட்டி வழியாகக் கேட்டேன்.

"ம்."

ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தேன். கூடம் அமைதியாக இருந்தது. பவுடர் வாசனை வந்தது.

பயம் வந்தால் எனக்குக் கோபமும் சேர்ந்து வரும். அன்றைக்கே கம்பெனியைக் கூப்பிட்டு, உங்கள் பெட்டியும் வேண்டாம், உங்கள் சகவாசமும் வேண்டாம், கழற்றிக்கொண்டு போங்கள் என்றேன். போனில் வந்தவர் சூப்பர்வைசர். சர்க்கரைப் பாகில் முக்கி எடுத்த குரல்.

"ரெண்டு வருஷம் லாக்-இன் இருக்கு மேடம். நடுவுல முறிக்க முடியாது."

"எனக்கு யாரும் அதைச் சொல்லவே இல்ல."

"சொல்லியிருக்கோம் மேடம். ஒவ்வொரு விதிக்கும் நீங்க ஆம்னு சொல்லியிருக்கீங்க. எழுத்துல இருக்கு."

"நான் அப்ப சமையலறையில தரை துடைச்சிட்டு இருந்தேன் சார். பதிவை அனுப்புங்க. கேட்டுட்டுப் பேசறேன்."

அனுப்பினார்கள். கூடவே அவர்கள் தட்டச்சு செய்த தாளும் வந்தது. அதில் வரிசையாக, ஆம், ஆம், ஆம்.

பிறர் குரலைக் கேட்டுச் சோறு தின்கிறவள் நான். ஹெட்போனை மாட்டி, பதிவை ஓட்டி நிறுத்தும் பெடலைக் காலடியில் வைத்து, வேகத்தைக் குறைத்துக் கேட்டேன். அந்தச் சின்னப் பெண் படிக்கிறாள். இணைப்பு இத்தனை காலம் தொடரும், சம்மதமா மேடம்?

"ம்."

கருவி பழுதானாலும் ஒப்பந்தம் முறியாது, சம்மதமா மேடம்?

"ம்."

பின்னணியில், தூரத்தில், தண்ணீர் கொட்டும் சத்தம். இன்னும் தூரத்தில் என் குரல். சனியன் பிடித்த குழாய் என்று திட்டிக்கொண்டிருக்கிறேன். அந்த 'ம்' மட்டும் போனுக்கு வெகு பக்கத்தில், வாயை ஒட்டி வைத்துச் சொன்னது போலக் கேட்டது. கூடத்தில் அப்போது ஒருவரும் இல்லை.

இந்த இணைப்பில் வீட்டிலிருக்கும் வேறு யார் பேசினாலும், அது வாடிக்கையாளர் பேசியதாகவே கொள்ளப்படும். சம்மதமா மேடம்?

கொஞ்சம் இடைவெளி.

"ம்."

அந்த ஒன்றில் மட்டும் சிரிப்பு இருந்தது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். நம்மாட்கள் பேசும்போது எதிரில் இருப்பவர் 'ம்' கொட்டியே தீர வேண்டும். இரண்டு வாக்கியத்துக்கு 'ம்' வராவிட்டால், என்ன, இருக்கியா என்பார்கள். அந்த 'ம்' சம்மதம் இல்லை, மறுப்பும் இல்லை. என் காது உன் பக்கம் திறந்திருக்கிறது என்று அர்த்தம், அவ்வளவுதான். எங்கள் தொழிலில் அதை எழுதவே மாட்டோம். அந்தக் கம்பெனியில் உட்கார்ந்து தட்டச்சு செய்தவனோ செய்தவளோ, ஒவ்வொரு 'ம்'மையும் 'ஆம்' என்று அடித்துவைத்திருந்தார்கள். அந்த ஓர் எழுத்தால், என் வீட்டில் என்னைத் தவிர இன்னொருத்திக்கும் பேச உரிமை கிடைத்துவிட்டது.

உடனே அவரிடம் சொல்ல வேண்டும் என்று தவித்தேன். வீட்டிலிருந்து கூப்பிடப் பயம். செருப்பை மாட்டிக்கொண்டு தெருக்கோடி வரை நடந்து, பேருந்து நிறுத்தத்து இருக்கையில் உட்கார்ந்து மொபைல் சிக்னலில் கூப்பிட்டேன். வெயில் அடித்துக்கொண்டிருந்தது. சுற்றிலும் மனிதர்கள் போய் வந்துகொண்டிருந்தார்கள். கொஞ்சம் தைரியமாக இருந்தது.

"என்னம்மா இந்த நேரத்துல?"

"ஏங்க, நீங்க சீக்கிரம் வந்துடுங்க. எனக்கு அந்த வீட்ல இருக்கவே பிடிக்கல. ஒப்பந்தம் முடிஞ்சவுடனே இறங்கிடுங்க."

இன்ஜின் சத்தம் மட்டும் கேட்டது.

"அதான் இன்னொரு ஒப்பந்தம் போட்டாச்சேம்மா," என்றார் மெதுவாக. "உன்கிட்ட கேட்டுட்டுதானே போட்டேன்."

"எங்கிட்டயா? எப்போ?"

"போன வாரம். இன்னும் ஒரு தடவை போயிட்டு வரட்டுமான்னு கேட்டேன். நீ ம்ன்னே."

"அது நான் இல்லைங்க. சத்தியமா நான் இல்ல. அந்த வீட்ல வேற ஏதோ இருக்கு. என் மாதிரி ம் கொட்டுது. கம்பெனிக்காரனையும் ஏமாத்தியிருக்கு, உங்களையும் ஏமாத்தியிருக்கு."

அவர் பதறுவார் என்று எதிர்பார்த்தேன். இல்லாவிட்டால், பைத்தியமா உனக்கு என்று கேட்பார் என்று நினைத்தேன். இரண்டில் எது வந்திருந்தாலும் தாங்கியிருப்பேன்.

"தெரியும்," என்றார்.

ஒரு பேருந்து வந்து நின்று ஆட்களை இறக்கிவிட்டுப் போனது.

"என்ன தெரியும்?"

"நீ இல்லைன்னு தெரியும். ஆரம்பத்துல ஒரு நாள் நீ உன் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தே. நான் மறந்துபோய் டேப்புக்குக் கூப்பிட்டுட்டேன். எடுத்துச்சு. படத்துல கூடம் தெரியுது, நாற்காலி காலியா இருக்கு. வைக்கலாம்னு பார்த்தேன். ம்ன்னு சத்தம் வந்துச்சு."

"அது எப்போ? முதல் வாரம் போனேனே, அப்பவா?"

"ம்" என்றார். என் வீட்டுக்காரர் வாயிலிருந்தே அது வந்தபோது எனக்கு உடம்பு கூசியது.

"அப்பவே தெரிஞ்சும் என்கிட்ட சொல்லல. தினம் அதுகூடப் பேசிட்டு இருந்திருக்கீங்க."

"கோபப்படாம கேளு. நீ நல்லவதான். ஆனா உன்கிட்ட நான் ஒண்ணு சொன்னா நீ உடனே பதில் சொல்லுவே. இன்ஜின் ரூம்ல என் கண்ணு முன்னால என்கூட வேலை பார்த்த பையன் கருகினதைச் சொல்ல வந்தேன். உங்க மேல தப்பில்லையே, விடுங்கன்னுட்டு, ஃபேன் ரிப்பேருன்னு ஆரம்பிச்சே. நான் அன்னிக்குச் சொல்ல வந்ததுல பாதி கூட சொல்லல." மூச்சு வாங்கிக்கொண்டார். "அது கேக்குது. முழுசா கேக்குது. குறுக்க ஒரு வார்த்தை பேசல."

என்னால் அழக்கூட முடியவில்லை. ஒரு மனுஷியோடு போயிருந்தால் அவள் தலைமுடியைப் பிடித்து நாலு கேள்வி கேட்டிருப்பேன். இவர் ஒரு முனகலோடு போயிருக்கிறார். நான் தனியாகக் கட்டில் சுமந்து, குழாய் அடைத்து, கம்பெனியோடு நாயாய்க் கத்திக்கொண்டிருந்த நாளெல்லாம், லைன் ஏன் அறுகிறது என்று தெரிந்தே வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார். உறைந்து நின்ற படத்தைப் பார்த்து நான் கத்தியதெல்லாம் அவருக்குக் கேட்டுத்தான் இருந்ததா என்றும் கேட்கத் தோன்றியது. பதிலுக்குப் பயந்து கேட்கவில்லை.

"வருவீங்களா மாட்டீங்களா?"

"வருவேன்ம்மா. இந்த ஒரு தடவை." பிறகு தயங்கி, கெஞ்சுகிற குரலில் சொன்னார். "பெட்டியை மட்டும் கழட்டிடாதே."

நான் போனை அணைத்தேன்.

கம்பெனி ஆள் அனுப்பாது என்று தெரியும். லைன்மேனின் நம்பர் என்னிடம் இருந்தது. உங்கள் வீட்டுப் பெண்பிள்ளை என்று நினைத்து வாருங்கள் அண்ணா என்றேன். மறுநாள் காலை நல்ல வெளிச்சத்தில் வந்தார். இந்தத் தடவை ஏணி கொண்டுவரவில்லை. வாசலிலேயே நின்றார்.

"உள்ள வாங்க."

"கழட்டித் தந்துடறேன். ஆனா அந்தப் பக்கம் நீங்களும் வந்து நில்லுங்க."

திருகாணிகளைக் கழற்றும்போது அவர் விரல் சுவரில் படாமல் பார்த்துக்கொண்டதைக் கவனித்தேன். என் பார்வையைப் பார்த்துவிட்டு, 'மேடம்' என்று கூப்பிடுவதை விட்டுவிட்டார்.

"தங்கச்சி, நான் ஒரு பொய் சொல்லிட்டேன். இது புதுசு இல்ல. இதே சுவத்துலேருந்து நானே கழட்டினது. ஆபீஸ்ல துடைச்சு, வேற அட்டைப் பெட்டியில போட்டு, புதுசுன்னு என் கையிலேயே திருப்பித் தந்தாங்க. எந்த வீட்டுக்குன்னு பார்த்தப்போ எனக்கே திக்குன்னு இருந்துச்சு."

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"சொன்னா வேலை போயிடும்." அவர் தலை நிமிரவில்லை. "முன்னாடி இங்க ஒரு ஆள் தனியா இருந்தார். அவருக்கு இந்தப் பெட்டியில குறையே கிடையாது. ரொம்ப நல்லா இருக்குன்னு சொல்லிட்டே இருப்பார். வாசல்ல மூணு பூட்டு போட்டுட்டு நாள் முழுக்க இந்தச் சுவத்துக்கிட்டயே உக்காந்து பேசிட்டு இருந்திருக்கார். சாப்பாடுகூட இல்லாம. கடைசியில ஆஸ்பத்திரி வண்டி வந்துதான் எடுத்துட்டுப் போச்சு."

"அவருக்கு முன்னாடி?"

"தெரியாது. நான் வந்தப்பவே ஓட்டை இருந்துச்சு."

பெட்டி கையோடு வந்தது. பின்னால் இருந்த சுவரை இருவருமே பார்த்தோம். சுண்ணாம்பு அந்த இடத்தில் மட்டும் வழவழவென்று தேய்ந்து, எண்ணெய்ப் பிசுக்கோடு, உள்ளங்கை அகலத்துக்குக் குழிந்திருந்தது. பலகாலம் ஒரே இடத்தில் ஒரு காதை வைத்து அழுத்தியிருந்தால்தான் சுவர் அப்படித் தேயும்.

பெட்டி இவ்வளவு நாளும் அதன் மேல்தான் மாட்டியிருந்தது. அதற்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு விரல் நுழையக்கூட இடமில்லை.

தேய்ந்த இடத்தின் உட்புறம் ஈரமாக இருந்தது. லைன்மேன் கம்பியை வாசல் வரை அறுத்து, சுருட்டி, பெட்டியோடு பையில் போட்டுக்கொண்டார். காசு வாங்கவில்லை. படியில் இறங்கும்போது ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

மத்தியானம் போனில் செய்தி வந்தது. உங்கள் விருப்பப்படி உங்கள் இணைப்பு தொடர்கிறது, எங்களோடு இருப்பதற்கு நன்றி.

கூப்பிட்டேன். இணைப்பு தொடங்கிய அன்று பேசிய அதே சின்னப் பெண் எடுத்தாள்.

"பெட்டியே இல்லையேம்மா. எந்த இணைப்பு தொடருது?"

"நீங்கதானே மேடம் காலையில கூப்பிட்டீங்க? தொடரலாமான்னு கேட்டேன்."

"நான் என்ன சொன்னேன்?"

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஒண்ணும் சொல்லல மேடம். எப்பவும் போல... ம்ன்னீங்க."

"எப்பவும் போலன்னா? நான் அடிக்கடி கூப்பிடறேனா?"

"தினமும் மேடம். என் லைனுக்குத்தான் வருது. புகார் எதுவும் சொல்ல மாட்டீங்க. வைக்கவும் மாட்டீங்க. நான் பேசினா கேட்டுட்டு இருப்பீங்க." கொஞ்சம் நிறுத்திவிட்டு, வெட்கத்தோடு கிசுகிசுத்தாள். "நேத்து எங்க வீட்டுப் பிரச்சினைகூட உங்ககிட்ட சொல்லிட்டேனே. நீங்க கேட்டதுக்கு ரொம்ப நன்றி மேடம்."

அது நான் இல்லை என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

துணிமணிகளை எடுத்து வைக்க ஆரம்பித்தேன். இருட்டுவதற்குள் தங்கை வீட்டுக்குப் போய்விடுவது என்று முடிவு. பையின் ஜிப்பை இழுக்கும்போது ஜன்னல் வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. அவர் கூப்பிடும் நேரம். கை தானாகப் போனை எடுத்தது. முழு சிக்னல் இருந்தது. என் நம்பர் அவருக்குத் தெரியும். சண்டை போட்டாவது பேசுவார், மன்னிப்புக் கேட்பார் என்று காத்திருந்தேன். வெட்கம் கெட்ட மனசு.

போன் அடிக்கவில்லை.

பவுடர் வாசனை வந்தது.

சுவரில், அந்தக் குழிந்த இடத்தில், கொசு பாடுவது போல் ஏதோ கேட்டது.

கிட்டே போனேன்.

இன்ஜின் சத்தம்.

அதற்கு மேலே அவர் குரல்.

எனக்கு ஓட வேண்டும் போலிருந்தது. ஆனால் அது என் வீட்டுக்காரர் குரல். இத்தனை வருஷம் குடித்தனம் செய்தும் அவர் அழுது நான் கேட்டதில்லை. அன்றைக்கு அழுதுகொண்டிருந்தார். காதை அந்தக் குழியில் வைத்தேன். யாரோ எனக்காகவே செதுக்கியது போல அது பொருந்தியது. ஈரமாக, சற்றே வெதுவெதுப்பாக இருந்தது.

அவர் அந்தப் பையனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். வால்வை மூடச் சொல்லி அவனை அனுப்பியது தான்தான் என்றார். தான் போயிருக்க வேண்டிய முறை அது என்றார். அவன் அம்மாவுக்குப் போன் செய்தபோது, தூக்கத்தில் போய்விட்டான் என்று பொய் சொன்னதைச் சொன்னார். இதில் ஒன்றுகூட எனக்குத் தெரியாது. கரைக்கு வரப் பயமாக இருக்கிறது, வந்தால் அந்தத் தாய் வாசலில் வந்து நிற்பாள் என்றார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில், என் கன்னத்துக்கும் சுவருக்கும் இடையே எங்கிருந்தோ, 'ம்' வந்துகொண்டிருந்தது.

எனக்கு மனசு இளகிப்போயிற்று. கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. இதைக் கேட்க நான் இருக்கக் கூடாதா என்று ஏங்கினேன்.

"நான்தாங்க," என்றேன் சுவரைப் பார்த்து. "நான் கேக்கறேன். நான் இங்கதான் இருக்கேன். எதுவும் சொல்ல மாட்டேன், நீங்க சொல்லுங்க."

அவர் பேச்சு நின்றது.

இன்ஜின் சத்தம் மட்டும் ஓடியது. அவர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பது எனக்குத் தெரிந்தது. என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேனா என்றுகூட நினைவில்லை. ஏங்க, ஏங்க என்று உரக்கக் கத்தினேன்.

"இன்னிக்கு லைன்ல என்னமோ இரைச்சல்," என்றார் அவர். "உனக்கும் கேக்குதா?"

"ம்."

"சரி, விடு. தானா நின்னுடும்."

நான் இரண்டு கையாலும் சுவரைக் குத்தினேன். அவருக்குக் கேட்கவில்லை. என் காதுக்கு வெகு அருகில் யாரோ ஈரமான உதடுகளைப் பிரிக்கும் ஓசை கேட்டது. இத்தனை நாளில் அந்த ஓர் எழுத்தைத் தவிர வேறெதையும் சொல்லாத அது, என் குரலில், நான் அவரிடம் ஒரு நாளும் பேசியிராத கனிவோடு, முதல்முறையாக ஒரு வார்த்தை பேசியது.

"அப்புறம்?"